கொள்ளைநோயும் குடும்ப நினைவும்: மாவடிப்பள்ளியை முன்வைத்துச் சில கருத்துகள்

அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஒருவரின் வயதை அறியச் 'சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா?' என்று கேட்பதுண்டு. 1978 நவம்பர்ச் சூறாவளி குடும்பங்களின் காலக்கணக்காகிவிட்டது. 2004 டிசம்பர் 26 கடல்கோளும் அத்தகையதே. 2024 நவம்பர் வெள்ளத்தில் மத்ரசா மாணவர்கள் அள்ளுண்டு மாண்டதை மாவடிப்பள்ளி வீதியே நினைவூட்டிக்கொண்டிருக்கும். ஆனால் 1918-19இன் இன்புளுவென்சாவைப் பற்றிக் குடும்பக் கதைகளிற் கேட்பது அரிது. அந்நோயால் இலங்கை ஏறத்தாழ 3 இலட்சம் பேரை, அன்றைய மக்கள் தொகையில் 6.7 வீதத்தினரை, இழந்தது என 2014இல் வெளியான குடித்தொகை ஆய்வொன்று மதிப்பிடுகிறது. இத்துணை பெரிய அழிவு மறக்கப்பட்டது ஏன்?

துயரமிகுதி வாயடைத்தது என்பது வழக்கமான விளக்கம். அது போதாது. கடல்கோளின் துயரம் சிறிதன்று. எனினும் அது ஆண்டுதோறும் பேசப்படுகிறது. தனிமனித நினைவையும் சமூகச் சட்டகங்களே தாங்குகின்றன என மொறிஸ் ஹல்வாக்ஸ் 1925இல் விளக்கினார். வெள்ளத்துக்கு இடமுண்டு, புயலுக்கு நாளுண்டு. இன்புளுவென்சாவோ வீடுவீடாக, வெவ்வேறு நாள்களில், காய்ச்சல் என்னும் பழகிய பெயருடன் வந்தது. அன்றியும், 20 முதல் 40 வயது வரையினரையும் கருவுற்ற பெண்களையும் அது மிகுதியாகக் கொன்றது. பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டியவர்களே மறைந்தனர்.

சமயச் சடங்குகளையும் இங்கு நோக்குதல் வேண்டும். அயலூராகிய காரைதீவின் கண்ணகையம்மன் குளிர்த்திச் சடங்கு, அம்மை முதலிய வெப்பு நோய்கள் பற்றிய அச்சத்தைப் பேணுகிறது. மாண்டவரின் பெயரையோ ஆண்டையோ பேணுவதில்லை. முஸ்லிம்களிடையே கொள்ளைநோயில் இறந்தவர் ஷஹீதின் தகுதி பெறுவர் என்னும் நம்பிக்கை ஆறுதல் தருகிறது. ஆயினும் ஜனாஸாத் தொழுகை எல்லா மரணத்துக்கும் ஒன்றே. மீசான் கட்டையும் சில மாரிகளில் உக்கிவிடும்.

கொவிட் காலம் இதற்கு விலக்காகத் தோன்றுகிறது. 2020இல் முஸ்லிம் ஜனாஸாக்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சிலேயே ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு வழி பிறந்தது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. இவை மறக்கப்படமாட்டா. நோய், மனிதருக்கும் அதிகாரத்துக்கும் இடையிலான வழக்காக மாறுமிடத்தே குடும்ப நினைவில் நிலைக்கிறது என்பது இதனாற் புலனாகும்.

இந்நினைவு நியாயமானது, நீதி கோருவோருக்கு இன்றியமையாதது. ஆனால் அது மட்டுமே எஞ்சுமாயின், நோயின் வரலாறு மீண்டும் தொலையும். அடைக்கப்பட்ட வீட்டு வாசலிற் சோறு வைத்துச் சென்ற அயலவர் யார்? தாயின் மையித்தைக் குளிப்பாட்ட இயலாத மகள் அன்றிரவை எவ்வாறு கழித்தாள்? மூச்சுத்திணறலை முதலில் உணர்ந்தவர் யாரிடம் சொன்னார்? இவற்றை எந்த ஆணைக்குழுவும் கேட்காது. கேட்டு எழுதவேண்டியவர்கள் இவ்வூர்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்களே. 1918ஐக் கண்டவர் எவரும் இன்றில்லை. 2020ஐக் கண்டவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள்.