எழுதியது ஒன்று, எடுத்தது எத்தனை!

சொன்னால் சிரிப்பீர்கள். இந்த வருஷம் என்னை மயக்கிப் போட்டது ஒரு டெக்ஸ்ட் ஃபைல். படம் இல்லை, நிறம் இல்லை, அழுத்துவதற்குப் பட்டன்கூட இல்லை. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி போட்டால் தலைப்பு. இரண்டு போட்டால் உட்தலைப்பு. மூன்று போட்டால் அதற்கும் உள்ளே. இலக்கணமே இவ்வளவுதான். ஆனால் அந்த நட்சத்திரங்களுக்குள்ளிருந்து வேர்டு கோப்பு வருகிறது, பிடிஎஃப் வருகிறது, இணையப் பக்கம் வருகிறது, காலண்டர் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் எந்தத் தேதியில் என்ன செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்ட முழுத் திட்ட அட்டவணையும் வருகிறது!

எங்கள் ஊர் வாசகசாலைக்கு நூற்றாண்டு மலர் போடும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. மலர்க்குழு என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலைவருக்கு எதுவானாலும் காகிதத்தில் வேண்டும், அதுவும் பெரிய எழுத்தில். பொருளாளருக்கு எக்செல் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. டிடிபி செய்யும் தம்பி, "வேர்டுல அனுப்புங்கண்ணே" என்பார். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற என் மைத்துனருக்கோ மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் பட்டைப் பட்டையாகக் கோடு தெரிந்தால்தான் அது திட்டம். "மாப்ளே, கேன்ட் சார்ட் இல்லாம எதை வச்சுப் பேசுறது?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார். இத்தனை பேருக்கும் தனித்தனியாகக் கோப்பு செய்து, ஒன்றில் தேதி மாறினால் மற்ற எல்லாவற்றிலும் திருத்திக்கொண்டிருந்தால் மலர் எப்போது வருவது?

இதற்கு விடையாக எனக்குக் கிடைத்ததுதான் ஆர்க் மோட். ஈமாக்ஸ் என்ற பழம்பெரும் எடிட்டருக்குள் வாழும் ஒரு நீட்சி. 2003-இல் இதை எழுதியவர் கார்ஸ்டன் டொமினிக். அவர் மென்பொருள் நிறுவன முதலாளி அல்ல, ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் வானியலாளர். தன் குறிப்புகளையும் வேலைகளையும் ஒரே இடத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ள அவர் செய்துகொண்ட கருவி 2007-இல் வந்த ஈமாக்ஸ் 22-இலேயே சேர்ந்துவிட்டது. நட்சத்திரங்களை ஆராய்கிறவர் நட்சத்திரக்குறியை வைத்தே உலகத்தை அடுக்கிக் காட்டினார் என்று நினைக்கும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது. (தற்செயல்தான். இருந்தாலும் எவ்வளவு பொருத்தம்!)

கோப்பைத் திறந்துவைத்துக் கண்ட்ரோலோடு சி, கண்ட்ரோலோடு இ என்று அடுத்தடுத்து அழுத்துங்கள். ஒரு பட்டியல் எழும்பும். அதில் ஹெச் அழுத்தினால் இணையப் பக்கம், எல் அழுத்தினால் லேடெக் வழியாகப் பிடிஎஃப், ஓ அழுத்தினால் லிப்ரேஆஃபீஸ் திறக்கும் ஓடிடி, எம் அழுத்தினால் மார்க்டவுன் (இதை மட்டும் அமைப்பில் முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்), சி அழுத்தினால் காலண்டர் கோப்பு. ஓடிடி பகுதியை எழுதியவர் பெயர் ஜம்புநாதன் என்று நிரலின் தலைப்பில் பார்த்தபோது, நம்ம பக்கத்துப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இத்தனை வடிவங்கள் எப்படிச் சாத்தியம் என்று கொஞ்சம் துருவிப் பார்த்தேன். 2013-இல் வந்த 8-ஆம் பதிப்புக்காக நிக்கோலா குவாசியு என்பவர் ஏற்றுமதிப் பகுதியை அடியோடு மாற்றி எழுதினார். கோப்பு முதலில் ஒரு மரமாகப் பிரிக்கப்படுகிறது: இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை, இது தேதி. அதன் பிறகு ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சிறு மொழிபெயர்ப்பாளர் அந்த மரத்தை ஏறி இறங்கித் தன் பாஷையில் எழுதித் தருகிறார். புதிய வடிவம் வேண்டுமானால் புதிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதும், மரத்தை யாரும் தொட வேண்டாம்.

இனித்தான் நான் கூத்தாடிய இடம். டாஸ்க்ஜக்லர்!

கிறிஸ் ஷ்லேகர் தொடங்கிய திட்டமிடல் மென்பொருள் இது. கட்டற்றது, இலவசம். ரூபி மொழியில் ஓடுகிறது, இதற்கும் உள்ளீடு வெறும் டெக்ஸ்ட்தான். ஆர்க் கோப்பை டாஸ்க்ஜக்லருக்கு மாற்றித் தரும் பகுதியை எழுதியவர் கிறிஸ்டியன் எக்லி. அது ஆர்க் மோடின் மையத் தொகுப்போடு வராது, துணைத் தொகுப்பிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துவிட்டால் அதே பட்டியலில் பெரிய ஜே என்று ஒரு வாசல் திறக்கும்.

மற்ற பல திட்டமிடல் கருவிகளில் நாமே தேதியைக் குறித்துக் கோடு இழுக்கிறோம். இதில் தேதியைக் குறிக்கவே வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு உழைப்பு, யார் செய்வார், எது முடிந்தால் இது தொடங்கும் என்ற மூன்றை மட்டும் சொன்னால் போதும். தேதியை அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். ஆர்க் கோப்பில் தலைப்பின் கீழே எஃபர்ட் என்று எழுதி நாள் கணக்கு, அலொகேட் என்று எழுதி ஆளின் பெயர், பிளாக்கர் என்று எழுதி முன்னே முடிய வேண்டிய வேலை. உட்தலைப்புகள் வரிசையாகத்தான் நடக்க வேண்டும் என்றால் மேல்தலைப்பில் ஆர்டர்ட் என்று ஒரு சொல். ஆட்களின் பட்டியல் அதே கோப்பில் இன்னொரு தலைப்பின் கீழே.

எங்கள் மலருக்கு மெய்ப்புப் பார்ப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மூத்த வாசகர்களைப் பேட்டி எடுப்பதும் அவரேதான். "ரெண்டையும் நான் பாத்துக்கறேன் தம்பி, கவலையை விடுங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தார். நம்பத்தான் தோன்றும், அப்படிப்பட்ட மனிதர். ஆனால் அவரால் ஒரு நாளைக்கு 2 மணி நேரம்தான் உட்கார முடியும். லிமிட்ஸ் என்ற வரியில் அதை எழுதினேன். மெய்ப்பு வேலைக்கு 5 நாள் உழைப்பு என்று போட்டிருந்தோம். டாஸ்க்ஜக்லருக்கு ஒரு நாள் என்றால் 8 மணி நேரம், ஆக 40 மணி. நாளுக்கு 2 மணி என்றால் 20 வேலை நாள். சனி ஞாயிறு விட்டால் 4 வாரம்! இதோடு பேட்டி வேலையும் அதே ஆளின் தோளில். ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு அனுப்ப டாஸ்க்ஜக்லர் ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாது. ஒன்றைப் பின்னால் தள்ளும். அது தள்ளினால் அட்டைக்குப் போக வேண்டிய பக்க எண்ணிக்கை தள்ளும், அச்சு தள்ளும். மலர் நூற்றாண்டு விழாவுக்குப் பிறகுதான் வெளிவரும் என்று நெற்றியில் அடித்தாற்போல் காட்டியது.

கூட்டத்தில் அந்தப் பட்டைகளை விரித்துக் காட்டினேன். வழக்கமாக இந்த இடத்தில் அரை மணி நேரமாவது வாய்ச்சண்டை நடக்கும். அன்று நடக்கவில்லை. ஆசிரியர் ஐயாவே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "பேட்டிய அந்தக் காலேஜ் பொண்ணுகிட்ட குடுத்துருங்க" என்றார். கோப்பில் ஒரு பெயரை மாற்றினேன், மறுபடி ஜே. முழு அட்டவணையும் முன்னால் நகர்ந்து விழாவுக்கு முந்தியே முடிந்தது. மைத்துனர் எழுந்து வந்து திரையைக் கிட்டத்தில் பார்த்தார். முப்பது வருஷம் திட்டம் போட்ட மனுஷர் அவர்!

ஆளுக்கு எஃபிஷியன்சி என்று ஒரு எண்ணும் கொடுக்கலாம். வழக்கமான ஆளுக்கு 1, மெதுவான ஆளுக்கு அதற்குக் கீழே. குழுவில் யாருக்கு எவ்வளவு போட்டேன் என்பது என்னோடு போகட்டும்.

மைத்துனருக்கு மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் வேண்டுமே? அதற்கும் வழி உண்டு. ப்ராஜெக்ட் படிக்கும் எக்ஸ்எம்எல் வடிவத்தை டாஸ்க்ஜக்லர் நேராகத் தரும். பொருளாளருக்கு அதே கணக்கைச் சிஎஸ்வியாக எடுத்தால் எக்செலில் திறக்கும். கூட்டத் தேதிகள் காலண்டர் கோப்பாக எல்லோர் கைபேசிக்கும் போயின.

மலரின் உள்ளடக்கத்தையும் அதே முறையில் தலைப்பு உட்தலைப்பாக அடுக்கியிருந்தேன். டிடிபி தம்பிக்காக அதைப் பேண்டாக்கிடம் கொடுத்தேன். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006 முதல் வளர்த்துவரும் கருவி அது. (வானியலாளர், தத்துவப் பேராசிரியர்! நம் கணினி நிறுவனங்களெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தன?) பேண்டாக் ஆர்க் கோப்பைப் படித்து டாக்எக்ஸ் ஆக்கும். மாதிரிக்கு ஒரு வேர்டு கோப்பைக் காட்டினால் அதன் எழுத்துரு, தலைப்பு அளவு எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றும். இன்டிசைனில் நேரே வைக்கக்கூடிய ஐசிஎம்எல் வடிவத்தையும் தரும் என்று தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிடிஎஃப் எடுக்கும்போது வழக்கமான பிடிஎஃப்லேடெக் தமிழ் எழுத்தைக் கண்டதும் நின்றுவிடும். கோப்பின் தலையில் லேடெக் கம்பைலர் ஸீலேடெக் என்று ஒரு வரி போட்டு, நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஒரு யூனிகோட் எழுத்துருவைச் சுட்டிவிட்டால் கொம்பும் காலும் சரியாக உட்கார்ந்துகொள்ளும். எழுத்தின் அளவும் அங்கேயேதான், எங்கள் தலைவருக்கு அதுதான் முக்கியம். டாஸ்க்ஜக்லரில் வேலையின் தலைப்பு தமிழிலேயே இருக்கலாம், அறிக்கையில் அழகாகத் தமிழிலேயே வரும். ஆனால் ஒரு வேலை இன்னொன்றைச் சுட்டுவதற்கான அடையாளப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது அடிக்கோடுகளின் அணிவகுப்பாகிவிடும். உழைப்புக் கணக்கைக் கடைசி உட்தலைப்பில்தான் எழுத வேண்டும், மேல்தலைப்பு வெறும் கூடைதான். மற்ற ஏற்றுமதிகளில் மூன்றாம் நிலைக்குக் கீழே இருக்கும் தலைப்புகள் சும்மா விட்டால் பட்டியல் வரிகளாக மாறிவிடும். ஆப்ஷன்ஸ் வரியில் ஹெச் என்ற எண்ணைக் கூட்டினால் தலைப்பாகவே நிற்கும். குழுவின் கண்ணில் படக்கூடாத பகுதிக்கு நோஎக்ஸ்போர்ட் என்று ஒரு ஒட்டு. எங்கள் கோப்பில் நன்கொடை வாக்குக் கொடுத்துவிட்டு இன்னும் தராதவர்கள் பட்டியல் அந்த ஒட்டுக்குள்தான் பத்திரமாக இருந்தது.

குறையே இல்லையா என்றால், உண்டு. இது ஒருவழிப் பாதை. வேர்டு கோப்பில் யாராவது திருத்தினால் அது நட்சத்திரக் கோப்புக்குத் தானாகத் திரும்பி வராது. மைத்துனர் ப்ராஜெக்டில் ஒரு பட்டையை இழுத்து நகர்த்தினாலும் அப்படியே. திருத்தம் எதுவானாலும் மூலத்தில் மட்டும் என்ற விதியைக் குழு முதல் நாளே ஒப்புக்கொள்ள வேண்டும். ஈமாக்ஸின் விசைகள் பழகவும் கொஞ்சம் பொறுமை வேண்டும். இன்னும் பழைய எழுத்துருவிலும் பேஜ்மேக்கரிலும் வேலை செய்யும் அச்சகம் வாய்த்துவிட்டால், யூனிகோடிலிருந்து மாற்றும் தலைவலியை எந்த ஏற்றுமதியும் தீர்க்காது.

இருக்கட்டும்! இருபது வருஷத்துக்கு முந்தைய டெக்ஸ்ட் ஃபைல் இன்றும் திறக்கிறது. இருபது வருஷத்துக்கு முந்தைய திட்ட மென்பொருளின் கோப்பைத் திறந்து பாருங்கள் பார்ப்போம். எங்கள் வாசகசாலையின் அடுத்த நூற்றாண்டுக் குழு என் கோப்பை எந்த எடிட்டரில் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

ஏதாவதொரு விழாக் குழுவில் நீங்களும் மாட்டிக்கொண்டிருப்பீர்கள், நம் ஊரில் தப்பிக்கிறவர் யார்? இன்றே ஒரு காலிக் கோப்பைத் திறந்து ஒரு நட்சத்திரக்குறி போட்டு விழாவின் பெயரை எழுதுங்கள். கீழே இரண்டு நட்சத்திரத்தில் வேலைகள், பக்கத்தில் ஆள், உழைப்பு. பெரிய ஜே அழுத்தி வந்ததை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். கிளம்புவதற்கு முன் நோஎக்ஸ்போர்ட் ஒட்டு இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.