தற்சார்பின் அடுப்படி

அரசியல் அலுத்தவர்களுக்குத் தாமிரபரணிக் கரையில் ஒரு முன்னோடி உண்டு. லண்டனிலும் புதுச்சேரியிலும் ஆயுதப் புரட்சி பேசிய வ.வே.சு. ஐயர், 1922இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார்: படிப்போடு உடலுழைப்பு, பிறரை அண்டாத வாழ்வு. அங்கே பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி நடப்பது தெரிந்து பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். எதிர்ப்பு நியாயமானது. ஆனால் பந்தியை விசாரித்த அரசியல் அடுப்படிவரை போகவில்லை.

பெண்ணின் சார்புநிலை ஐயருக்குத் தெரியாததல்ல. அவருடைய ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையில், அர்பத்நாட் கம்பெனி முறிந்து அப்பாவின் பணம் போனதும் ருக்மிணி மாமியார் வீட்டுக்கு வேண்டாதவளாகிறாள். குளத்தில் உயிரை விடுகிறாள். தனக்கென்று பிழைப்பில்லாத பெண்ணின் கதி அது. கதையில் கண்டதை அவர் குருகுலத்தின் கேள்வியாக்கவில்லை.

இன்று அரசியலே வேண்டாமென்று தோட்டம் போடக் கிளம்புகிறவர்களிடம் நாம் கேட்போம்: பட்டா யார் பெயரில்? சமையல் யார் தலையில்?