மன்னிக்கும் உரிமை யாருடையது? சோமாலிலாந்தின் சமாதானமும் அதை வாசிக்கும் முறையும்

போர் ஓய்ந்த நாட்டில் பாதுகாப்பையும் சட்டத்தின் ஆட்சியையும் மீண்டும் நிலைநிறுத்துவது எவ்வாறு என்ற வினாவுக்குக் கடந்த முப்பது ஆண்டுகளாக இருவகை விடைகள் கூறப்பட்டு வருகின்றன. வெளியிலிருந்து படையும் பணமும் நிபுணர்களும் வரவேண்டும் என்பது ஒன்று. அந்நாட்டு மக்களின் மரபிலேயே அதற்கான வழி உள்ளது, வெளியார் ஒதுங்கி நிற்பதே பேருதவி என்பது மற்றொன்று. இரண்டாவது விடைக்குச் சான்றாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் நிலம் ஆப்பிரிக்கக் கொம்பிலுள்ள சோமாலிலாந்து. அம்மக்கள் முஸ்லிம்கள், ஷாஃபிஈ மத்ஹபினர். நமது கடற்கரை ஊர்களின் மத்ரஸாக்களில் ஓதப்படும் அதே ஃபிக்ஹு மரபில் வளர்ந்தவர்கள். ஆதலால் இவ்விவாதம் நமக்கு அயலானதன்று.

இந்நிலத்தைப் பற்றிய இரு நூல்கள் குறிப்பிடத்தக்கவை. ஐ. எம். லூயிஸ் 1961இல் வெளியிட்ட ‘எ பாஸ்டரல் டெமாக்ரஸி’, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த வட சோமாலிய நாடோடி மேய்ப்பர்களின் அரசியலை ஆராய்ந்த மானிடவியல் நூல். மார்க் பிராட்பரி 2008இல் வெளியிட்ட ‘பிகமிங் சோமாலிலாந்து’, போருக்குப் பின் அங்கே ஓர் அரசு உருவான வரலாற்றைக் கூறுவது. இவ்விரு நூல்களும் உழைப்பின் விளைவுகள். அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், இவை போன்ற எழுத்துகளை அடியொற்றி எழுந்த ‘உள்ளூர்ச் சமாதானம்’ என்னும் புகழுரை, கேட்டிருக்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேளாமலே விட்டுவிட்டது என்பது நம் கருத்து.

முதலில், புகழுக்குரியதைப் புகழ்ந்துவிடுவோம். 1988 மே மாதத்தில் சோமாலிய தேசிய இயக்கத்தினர் புரஓ, ஹர்கைசா நகரங்களைத் தாக்கியபோது, சியாத் பர்ரேயின் அரசு தன் குடிமக்கள் மீதே விமானக் குண்டுகளை வீசிற்று. குண்டு வீசிய விமானங்கள் ஹர்கைசாவின் விமான நிலையத்திலிருந்தே புறப்பட்டன. 50,000 பேருக்குமேல் மாண்டனர் என்பது மனித உரிமை அமைப்பொன்றின் கணிப்பு. பல இலட்சம் பேர் எத்தியோப்பியாவில் அகதிகளாயினர். 1991 ஜனவரியில் பர்ரே ஓடியபின், அதே ஆண்டு மே 18 அன்று புரஓவில் கூடிய பேரவை வடபகுதியின் பிரிவினையை அறிவித்தது. அறிவித்த மறு ஆண்டே, வென்றவர்கள் தமக்குள் போரிட்டனர்.

அதன்பின் நிகழ்ந்ததே போராமா மாநாடு. 1993 ஜனவரியில் தொடங்கி மே வரை நீடித்த அவ்வவையில், வாக்குரிமை பெற்ற மூத்தோர் ஏறக்குறைய 150 பேர். கூடிய இடத்தைக் கவனிக்கவேண்டும். போராமா, போரில் பெரிதும் தோற்ற தரப்போடு நின்ற குலத்தாரின் ஊர். வென்றோர் அங்கே விருந்தினராகச் சென்றனர். தலைமை தாங்கியவர் ஷைகு இப்ராஹீம்; ஹர்கைசா நகரம் வளரக் காரணமான காதிரிய்யா தரீக்காவின் ஷைகு மதாருடைய வழித்தோன்றல். செலவின் பெரும்பகுதியை உள்ளூர்ச் சமுதாயங்களும் வெளிநாடுவாழ் சோமாலியரும் ஏற்றனர். படைக்கலங்களைத் தத்தம் இளைஞரிடமிருந்து மீட்கும் பொறுப்பை ஒவ்வொரு குலமும் ஏற்றது. முஹம்மது இப்ராஹீம் இகால் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூத்தோர் அவையாகிய ‘கூர்த்தி’ சட்டமன்றத்தின் மேலவையாக நிறுவப்பட்டது.

அதே ஆண்டில் மொகதிஷுவில் நிகழ்ந்ததை இதனருகே வைத்து நோக்கவேண்டும். ஜூன் 5 அன்று ஐ.நா. படையைச் சேர்ந்த 24 பாகிஸ்தானிய வீரர்கள் கொல்லப்பட்டனர். ஜூலை 12 அன்று, குல மூத்தோர்கள் கூடியிருந்த ஒரு வீட்டின்மீது ஹெலிகாப்டர்களிலிருந்து ஏவுகணைகள் பாய்ந்தன. அக்டோபரில் அமெரிக்க வீரர்கள் மாண்ட சண்டையை ‘பிளாக் ஹாக் டவுன்’ திரைப்படம் உலகுக்கு உரைத்தது. மூத்தோர் மாண்ட நாள் அத்தகைய கதையாகவில்லை. 1995 மார்ச்சில் ஐ.நா. படை வெளியேறியபோது, நூறு கோடி டாலருக்கும் மிகுதியாகச் செலவாகியும், தலைநகரில் அரசு என ஒன்று இல்லை.

வடக்கின் அமைதியும் உடனே நிலைத்துவிடவில்லை. 1994 முதல் 1996 வரை மீண்டும் போர் மூண்டது. 1997 தொடக்கத்தில் ஹர்கைசா மாநாடு அதை முடித்துவைத்தது. 2003இல் நடந்த அதிபர் தேர்தலில், தேர்தல் ஆணையத்தின் அறிவிப்புப்படி, தாஹிர் ரியாலே 80 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். தோற்றவர் சிலான்யோ, விடுதலை இயக்கத்தின் முன்னாள் தலைவர். வென்றவரோ பர்ரேயின் பாதுகாப்புத் துறையில் பணியாற்றியவர். வழக்கு நீதிமன்றம் சென்றது; தீர்ப்பும் மூத்தோர் அறிவுரையும் ஏற்கப்பட்டன. துப்பாக்கி எடுக்கப்படவில்லை. 2010இல் சிலான்யோ வாக்கினாலேயே அதிபரானார். 80 வாக்குகளின் தோல்வியை ஒரு மக்கள் பொறுத்துக்கொண்டனர் என்றால், அங்கே சட்டத்தின் ஆட்சி வேர்விட்டிருந்தது என்றே கொள்ளவேண்டும்.

இனி, கேளாமல் விடப்பட்ட கேள்வி. இந்தச் சமாதானத்தின் அடித்தளம் ‘ஹீர்’ எனப்படும் வழக்காற்று உடன்படிக்கை. சில நூறு முதல் சில ஆயிரம் ஆடவர்களைக் கொண்ட குழுவினர், தம்முள் ஒருவர் கொன்றாலும் கொல்லப்பட்டாலும் ஈட்டுத்தொகையைக் கூட்டாகக் கொடுக்கவும் பெறவும் உடன்படுகின்றனர். ஓர் ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50 என லூயிஸ் பதிவு செய்கிறார். எண்ணிக்கையைப் பொறுத்தவரை இது ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் கூறும் தியத்தேயாகும். இதைக்கொண்டு, ஹீரும் ஷரீஅத்தும் ஒன்றே என மேலோட்டமாக எழுதிச் செல்வோர் உளர். அவ்வாறன்று.

ஃபிக்ஹில் ‘ஆகிலா’ எனப்படும் உறவினர் குழு தியத்தைச் சுமப்பது, தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் அதையொத்த கொலைக்குமே. வேண்டுமென்றே செய்த கொலைக்குரிய தியத்தைக் கொலையாளி தன் சொந்தப் பொருளிலிருந்தே செலுத்தவேண்டும். ஹீரோ இரண்டையும் குழுவின் தலையிலேயே சுமத்துகிறது. கொன்றவன் கூட்டத்தில் மறைந்துபோகிறான். இதைவிட முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், பழிவாங்கவோ தியத் பெறவோ மன்னிக்கவோ உள்ள உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுடையது. அவ்வாரிசுகளில் மனைவியும் மகளும் அடங்குவர். அவர்களுள் ஒருவர் மன்னித்தாலும் பழிவாங்கல் நீங்கும். ஏனையோர்க்குத் தியத்தில் தத்தம் பங்கு நிற்கும். ஹீரில் இவ்வுரிமை குலத்துடையது. விதவை தன் பங்கைப் பற்றிப் பேசுவதற்கு அவையில் இடமில்லை. ஈடாக வரும் ஒட்டகங்களிலும் பெரும்பகுதி குழுவினரிடையே பங்கிடப்படும்.

புரஓவிலும் அதன் பின்னரும் மூத்தோர் எடுத்த முடிவு, குலங்களுக்கிடையே நேர்ந்த உயிரிழப்புகளுக்கு ஈடு கோருவதில்லை என்பது. ‘நேற்றிரவு பிறந்தோம்’ என்னும் பொருளுடைய சொல்லால் சோமாலியர் இதைக் குறிப்பர். கணக்குப் பார்த்திருந்தால் ஒட்டகங்கள் போதா, போரும் ஓயாது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால், மன்னித்தவர் யார்? இழந்தவர்களா, அவர்கள் பெயரால் பேசியவர்களா? 1997இல் பெய்த மழை ஹர்கைசாவின் மல்கோ துர்துரோ பகுதியில் மண்ணை அரித்தபோது, கைகள் கட்டப்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. மூத்தோர் அவை மூடிய கணக்கை மண் திறந்துகாட்டிற்று. அவ்வாண்டே போர்க்குற்ற விசாரணைக் குழுவொன்று அமைக்கப்பட்டது. ஆனால் பர்ரேயின் பாதுகாப்பு அமைச்சராகவும் பிரதமராகவும் இருந்த முஹம்மது அலீ சமதாருக்கு எதிராக, தீங்குற்றோர் சிலர் 2.1 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பைப் பெற்றது 2012இல், அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில். உள்ளூர்ச் சமாதானம் கொடுக்க இயலாத நீதியைத் தேடி, அவர்கள் கடல் கடந்து செல்லவேண்டியதாயிற்று.

ஒவ்வொரு விதவையும் தன் உரிமையைக் கேட்டிருந்தால் போராமா நிகழ்ந்திருக்குமா எனச் சிலர் வினவலாம். நிகழ்ந்திராது என்றே நாமும் எண்ணுகிறோம். எனவே அம்முடிவை ‘ளரூரத்’ (நிர்ப்பந்தம்) எனக் கொள்வோம். ஆனால் நிர்ப்பந்தம் அதன் அளவோடு நிற்கவேண்டும் என்பது உஸூல் கற்றோர் அறிந்த விதி. போரை நிறுத்துவதற்குக் கோரிக்கையைத் தள்ளிவைத்தது நிர்ப்பந்தம். போர் நின்று கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் அதைத் தள்ளியே வைப்பது நிர்ப்பந்தமன்று. ஹுஜுராத் அத்தியாயத்தின் 9ஆம் வசனம், போரிடும் இரு தரப்பாரிடையே சமாதானம் செய்வதை இருமுறை கட்டளையிடுகிறது. முதன்முறை சமாதானம் மட்டும். மறுமுறை, வரம்பு மீறல் ஓய்ந்தபின், நீதி என்ற நிபந்தனையோடு. ஸுல்ஹுக்கும் அத்லுக்கும் இடையேயான இந்த வரிசைமுறையைச் சோமாலிலாந்தின் வரலாறு பாதியளவே நிறைவேற்றியிருக்கிறது.

உரிமை கொண்டாடியவர்களே தொடர்ந்து பேசினால் என்ன நேரும் என்பதையும் பின்னைய ஆண்டுகள் காட்டின. கூர்த்தியின் 82 உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களல்லர். ஒருவர் இறந்தால் அவருடைய மகனோ உறவினரோ இருக்கையைப் பெறும் வழக்கம் நிலைத்துவிட்டது. 2022 அக்டோபரில் அவ்வவை அதிபரின் பதவிக்காலத்தை இரண்டாண்டும், தன்னுடையதை ஐந்தாண்டும் நீட்டித்தது. 2023 பிப்ரவரியில் கிழக்கே லாஸ் ஆனோத் நகரில் போர் மூண்டது. அந்நகரின் துல்பஹந்தக் குல மூத்தோர் ஹர்கைசாவின் ஆட்சியை மறுத்து மொகதிஷுவோடு இணைவதாக அறிவித்தனர். ஆகஸ்டில் சோமாலிலாந்துப் படை அங்கிருந்து விரட்டப்பட்டது. ஹர்கைசாவில் இருப்பவரும் மூத்தோர்; லாஸ் ஆனோதில் இருப்பவரும் மூத்தோர். ‘உள்ளூர்ப் பார்வை’ என்று ஒருமையில் எழுதுவோர், இவர்களுள் எவருடைய பார்வையைக் கூறுகின்றனர்? தாழ்த்தப்பட்ட கபோயே கைவினைஞர்களின் பார்வை எந்த அறிக்கையில் இடம்பெற்றது?

இந்நூல்களை வாசிக்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. நமது மஹல்லா ஜமாஅத்துகளிலும் பிணக்குகள் பேசித் தீர்க்கப்படுகின்றன. பல வேளைகளில் பெண்ணின் பங்கை அவளறியாமலே ஆடவர்கள் விட்டுக்கொடுத்துவிடுகின்றனர். 2000களில் புதுக்கோட்டையில் பெண்கள் தமக்கென ஒரு ஜமாஅத்தை அமைத்தது இதனாலன்றி வேறெதனால்?

லூயிஸின் நூலும் பிராட்பரியின் நூலும் நம் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கத் தக்கவையே. வெளியார் தலையிடாமல் முஸ்லிம் சமுதாயமொன்று தன் மரத்தடியிலேயே போரை முடித்துக்கொண்ட வரலாறு பெருமைக்குரியது. ஆனால் அவற்றைப் படிக்கும் மாணவர், ஈட்டுத்தொகை பற்றிய பக்கங்களை அடையும்போது, தம் ஃபிக்ஹு நூலின் தியத் பாடத்தையும் அருகே திறந்து வைத்துக்கொள்வாராக. விட்டுக்கொடுக்கப்பட்டது எவருடைய உரிமை, அவரிடம் கேட்கப்பட்டதா என்று ஒவ்வொரு உடன்படிக்கையிலும் தேடுவாராக.