வெளியீடும் பகிர்வும்: கல்லூரித் தமிழாசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகள் – ஒரு மதிப்பீடு

கல்லூரித் தமிழாசிரியர்களின் ஆய்வுகள் பெரும்பாலும் கருத்தரங்கக் கட்டுரைகளாகவே பிறரை அடைகின்றன. அவை தொகுப்பு நூல்களாக அச்சாகின்றன, நூலகங்களிலும் இடம்பெறுகின்றன. ஆயினும், பிற துறையினர் அவற்றை எடுத்தாள்வது அரிதாகவே உள்ளது. இதற்குரிய காரணத்தைக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் அன்று, அவை எழுதப்படும் முறையில் தேடுதல் வேண்டும். ஒரு முடிவைப் பிறர் சோதித்துப் பார்க்க இயலும்போதே அது பகிரப்பட்டதாகும். அதுவரை அது வெளியிடப்பட்டது மட்டுமே.

தமிழாய்வு உலக ஆய்வாளர்களைச் சென்றடைய வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. தனிநாயகம் அடிகள் 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. இவை ஆய்வாளர் கூடுவதற்குக் களம் அமைத்தன. களம் அமைந்தபின், அங்கு வைக்கப்படும் கட்டுரை எத்தகையது என்பதே வினாவாகிறது.

‘பெயரெச்சம்’ என்னும் கலைச்சொல்லைச் சான்றாகக் கொள்ளலாம். கால்டுவெல் தம் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்தில் இதனை ‘ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்’ என்றார். தாமஸ் லேமன் 1989இல் வெளிவந்த தம் இக்காலத் தமிழ் இலக்கணத்தில் ‘அட்ஜெக்டிவல் பார்ட்டிசிப்பிள்’ என்றார். மரபிலக்கணமோ ‘வந்த பையன்’ என்பதிலுள்ள ‘வந்த’ என்பதைத் தெரிநிலைப் பெயரெச்சம் என்றும், ‘நல்ல பையன்’ என்பதிலுள்ள ‘நல்ல’ என்பதைக் குறிப்புப் பெயரெச்சம் என்றும் கொள்கிறது. மொழியியலார் பலர் பின்னதைப் பெயரடை என்பர். இந்நிலையில், ஒரு வட்டார வழக்கில் பெயரெச்சங்கள் மிகுதி என ஒரு கட்டுரை எண்ணிக்கை தருமாயின், அவ்வெண்ணிக்கையில் ‘நல்ல’ போன்றவை அடங்குமா என்பது தெளிவாதல் வேண்டும். அது தெளிவாகாதவிடத்து மொழியியலார் அதனை வேறோர் ஆய்வோடு ஒப்பிட இயலாது. மொழிபெயர்ப்பாளரும் எந்த ஆங்கிலச் சொல்லை இடுவதென ஊகிக்க வேண்டியவராகிறார். அவருடைய ஊகம், படிப்பவர்க்கு ஆசிரியரின் முடிவாகத் தோன்றிவிடும்.

கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுவதே இதற்குத் தீர்வு என்பது பொருந்தாது. வரையறுக்கப்படாத சொல் எம்மொழியில் எழுதினும் வரையறுக்கப்படாததே. எடுத்துக்காட்டுத் தொடர்கள் நான்கினைத் தந்து, சொல்லின் எல்லையைச் சுட்டும் தமிழ்க் கட்டுரை அதனினும் பயன் மிக்கதாகும்.

வ. அய். சுப்பிரமணியம் அவர்களின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் திருவனந்தபுரத்தில் வெளிவந்தது. சொற்கள் பயிலும் இடங்கள் அதில் சுட்டப்பட்டிருத்தலின், அவர்தம் கருத்துகளோடு உடன்படாதவரும் அதனைப் பயன்படுத்த இயலும். கருத்தரங்கக் கட்டுரைகளில் காணப்படாதது இப்பண்பே. பக்க வரையறை காரணமாக முதலில் நீக்கப்படுவது தரவாகவும், எஞ்சுவது முடிவுரையாகவும் அமைந்துவிடுகின்றன.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறைகூறுதல் முறையாகாது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் வெளியீடுகளுக்குப் புள்ளிகளை வகுத்தன. பின்னர் வந்த ‘கேர்’ இதழ்ப் பட்டியல் தரத்தைக் காக்க முனைந்தது; அப்பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. இவ்விரு முறைகளும் கட்டுரை எங்கு வெளிவந்தது என்பதை நோக்கினவேயன்றி, அதில் சோதித்தற்குரியது யாது என்பதை நோக்கவில்லை.

இப்பொறுப்பு இனிப் பதிப்பாசிரியர்களையே சாரும். கலைச்சொல்லின் வரையறை, எடுத்துக்காட்டுத் தொடர்கள், தரவு திரட்டிய ஊரும் ஆண்டும் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கட்டுரையிலும் அவர்கள் வேண்டிப் பெறலாம். முழுத்தரவுக்கு இடமில்லையெனில், ‘சோத்கங்கா’ தளத்தில் இடம்பெற்ற ஆய்வேட்டின் பின்னிணைப்பைப் பக்க எண்ணுடன் சுட்டினாலும் போதும். சிறிய கல்லூரியொன்றில் பல்லாண்டு உழைத்துத் திரட்டப்பெற்ற வழக்குச் சொற்கள், பேசுவோர் மறைந்தபின் மீண்டும் கிடைப்பன அல்ல. அவற்றின் மீது எழுந்த முடிவு பின்னர் மறுக்கப்படலாம். தரவு நிலைத்திருப்பின் அம்மறுப்பும் அவ்வாசிரியரின் உழைப்புக்குக் கிடைத்த பயனேயாகும்.