முன்நிபந்தனை வரி

2006ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பவர்ஷெல் என்னும் கட்டளை மொழியில், குறிப்புரைக்குரிய # அடையாளத்தோடு 'ரிக்வயர்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்தெழுதும் வரியொன்று உண்டு. எந்தப் பதிப்பு வேண்டும், எந்தத் தொகுதிகள் வேண்டும், நிர்வாகியின் அதிகாரம் வேண்டுமா என்பதையெல்லாம் அது முன்கூட்டியே பிரகடனம் செய்துவிடுகிறது. நிரலின் எந்த மூலையில் எழுதினாலும், ஏன், ஒரு ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதினாலும், அதன் ஆக்ஞை நிரல் முழுவதற்கும் செல்லும். நிபந்தனைகளில் ஒன்று பூர்த்தியாகாவிடினும் முதற் கட்டளைகூட நிறைவேறாது. கேட்ட தொகுதி ஏற்றப்படாதிருந்தால், தானே அதை ஏற்ற முயலும் தாட்சண்யமும் இதற்குண்டு. பாதிக் கோப்புகளை இடம் மாற்றியபின் அதிகாரமின்மையால் நின்றுபோன நிரலின் அலங்கோலத்தை நள்ளிரவில் சீர்செய்தவன் நான்; ஆகையால் இவ்வொற்றை வரியின் சௌந்தரியம் எனக்கு மிகப் பெரிது. நிரல் எழுதுவோர் இதை முகப்பிலேயே, பிறர் கண்ணிற்படுமாறு இடுவார்களாக.