அரங்கும் பயிலிடமும்

நாட்டியத்தைப் பற்றி எழுதப் புகுவோர் முத்திரையையும் பாவத்தையும் இரசத்தையும் விரித்துரைப்பர். ஆடும் கால் எதன்மீது விழுகின்றது என வினவுவோர் அரியர். கலையின் அடித்தளத்தை ஆராய விரும்பும் நாம் அந்தத் தரையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இதற்கு நல்லதொரு சான்று. 24 விரல் கொண்ட கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக அரங்கினை அமைத்துக் காட்டுகின்றார் இளங்கோவடிகள். அரங்கின் பலகைக்கும் உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல், இரண்டு வாயில், மூவகை எழினி, தூண்களின் நிழல் இடையூறு செய்யாதபடி விளக்கு. இத்துணை நுணுக்கமாக அரங்கை அளந்த காப்பியம், மாதவி ஏழாண்டு பயின்றாள் என்று சொல்லுமேயன்றி, அவள் பயின்ற இடத்தின் அளவைச் சொல்லவில்லை. அரசன் காணும் இடம் அளக்கப்பட்டது. ஒரு சிறுமியின் உடல் உழைத்த இடம் அளக்கப்படவில்லை. இது கவிஞரின் குறையன்று. கலையைக் காண்போர் பக்கம் நின்றே நோக்கிய சமுதாயத்தின் இயல்பு.

அவ்வியல்பு இன்றும் மாறவில்லை. இந்திய உதவியுடன் யாழ்ப்பாண நகரில் எழுந்து 2023இல் கையளிக்கப்பட்ட பண்பாட்டு மையத்தில் 600 பேர் அமரத்தக்க அரங்கு உண்டு. அது வேண்டியதே. ஆனால் 1990இல் இடம்பெயர்ந்து, 2009இன் பின்னர் படிப்படியாக மீண்ட தெல்லிப்பழை போன்ற ஊர்களில், மீளக் கட்டும்போது எதற்கு முதலிடம் அளிப்பது என்ற வினா இன்னும் கூர்மையாக எழுகின்றது. மேசைகளை ஒதுக்கிவிட்டு வகுப்பறையின் சீமெந்துத் தரையில் ஆடுவதே நடன பாடம் என்றால், அங்கே கட்டடக் கலை தன் கடமையைச் செய்யவில்லை என்பதே பொருள்.

அரைமண்டியில் நின்று தட்டடவு பயிலும் பிள்ளை, ஒரு பாடவேளையில் பன்னூறு தடவை வெறுங்காலால் நிலத்தைத் தட்டுகின்றது. மண்மீது நேரே வார்த்த சீமெந்து சிறிதும் இசைந்து கொடாது. தட்டிய வலு கணுக்காலுக்கும் முழங்காலுக்குமே திரும்புகின்றது. பாலே பள்ளிகள் இதனை முன்னரே உணர்ந்தன. குறுக்குச் சட்டங்களின்மேல் பலகை பரப்பி, அடியில் வெற்றிடம் விட்டு, அதிர்ச்சியைத் தாங்கும் தளத்தை அவை அமைக்கின்றன. சென் பீற்றர்ஸ்பேர்க்கில் 1738இல் தொடங்கிய பள்ளியின் பெரும் பயிற்சிக் கூடத்துத் தரை, மேடையின் சரிவையே கொண்டது. அரச மாளிகையில் பிறந்த அப்பள்ளி 1917இன் புரட்சிக்குப் பின்னரும் வாழ்ந்து, 1957 முதல் வாகனோவா என்னும் ஆசிரியையின் பெயரைத் தாங்குகின்றது.

எனினும் அத்தளத்தை அப்படியே இங்கே பெயர்த்து வைத்தல் பொருந்தாது. பாலே ஆடுவோர் எம்பிக் குதித்து இறங்குவர். பரதம் ஆடுவோர் நிலத்தைத் தட்டி ஒலி எழுப்புவர். எனவே துள்ளல் குறைந்த, உறுதியான பலகைத் தளமே ஏற்றது. கறையான் ஏறாத காப்பும், அடியிற் காற்றோட்டமும் உடன் வேண்டும்.

கண்ணாடியும் ஆராய்தற்குரியது. ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி பதித்தால், மாணவி தன் அரைமண்டியைத் தானே திருத்திக் கொள்வாள். ஆனால் அறைக்கு ஒரே முகப்பு உண்டாகிவிடும். நமது கூத்தோ சுற்றி நின்று மக்கள் காணும் வட்டக்களரியில் வளர்ந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்து புத்துயிர் அளித்தார். அப்புத்துயிரை மதிக்கும் நாம் வட்டத்தை மறத்தல் தகாது. கண்ணாடியை மறைக்க ஓர் எழினி தொங்கவிட்டால், பரதம் பயிலும் அறையே கூத்துக்கும் களரியாகும்.

இது அழகியல் வினா மட்டுமன்று. அரச பாடசாலைகளில் நடனம் ஒரு பாடமாகியதால், கட்டணம் செலுத்த இயலாத உழைப்பாளியின் பிள்ளையும் இன்று அரைமண்டியில் நிற்கின்றது. வசதியுள்ள பிள்ளைக்கு நல்ல தளம் வேறிடத்தில் கிடைக்கும்; இப்பிள்ளைக்குப் பாடசாலையின் தரையன்றி வேறு தரை இல்லை. பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த மண்டபத்திற்கு நிதி திரட்டும்போது, திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிப் பேசுமுன் பயிலறையின் தரையைப் பற்றி ஆசிரியர்கள் கேட்டல் வேண்டும். அரங்கை அளந்த கோலால் பயிலிடத்தையும் அளக்கும் பொறுப்பு நம்முடையது.