நாலாவது வார்த்தைப்பாடு

கன்னியர் மடத்து ஆசிரியைகளைப் பற்றி எழுதுபவர்கள் தியாகம், சேவை, அர்ப்பணிப்பு என்று பெரிய சொற்களை அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரசிக்க வேண்டியது அந்தச் சொற்களுக்குள் அகப்படுவதில்லை. காலையில் ஒரு சிஸ்டர் வரவு இடாப்பு எடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

களனி கங்கை பெருகினால் பேலியகொடையின் தாழ்ந்த ஒழுங்கைகளுக்குள் தண்ணீர் ஏறிவிடும். அப்படியொரு வெள்ளம் வடிந்த கிழமை, பாலம் கடந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் படிக்க வந்த பிள்ளை ஒருத்தி, பாட்டா போட்ட காலை வாங்கின் கீழ் இழுத்து மறைத்தபடி இருந்தாள். நல்லாயன் சபைச் சிஸ்டர் ஒருவர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் தலையை நிமிர்த்தி அந்த முகத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். இவள் முறை வந்தபோதும் குரல் மாறவில்லை, பார்வை கீழே இறங்கவில்லை. இடைவேளை மணி அடித்ததும், "மகள், இந்தக் கொப்பிகளை ஒருக்கா ஒஃபிசுக்குக் கொண்டுவந்து தாங்கோ" என்றார். திரும்பி வந்தவளின் காலில் வெள்ளைச் சப்பாத்து. ஓரளவு பெரிது, முனையில் பஞ்சு அடைத்திருந்தது.

சப்பாத்து எவரும் வாங்கிக் கொடுக்கலாம். அந்தக் கொப்பிக் கட்டில்தான் நயம் முழுக்க இருக்கிறது. உதவி பெறப் போகிறவளை உதவி செய்யப் போகிறவளாக வகுப்பின் நடுவே நடக்கவைத்தாரே, அது எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் சொல்லிக்கொடுக்காத வித்தை.

அந்த வித்தைக்கு ஒரு வேர் உண்டு. புனித மரிய யூப்ராசியா 1835இல் பிரான்சின் ஆஞ்சே நகரில் நல்லாயன் சபையை நிறுவினார். 1868இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே அவருடைய கன்னியர் கொழும்பில் இருந்தார்கள். கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் மடம் அந்த 1869ஐத்தான் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளும் துறவறச் சபைகளுக்குப் பொது. இவர்கள் நாலாவதாக ஒன்றையும் எடுக்கிறார்கள்: ஆன்மாக்களின் மீட்பில் தணியாத ஆர்வம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, தவறிய ஒன்றைத் தேடிப் போன ஆயனின் பெயரைச் சூடிய சபை அல்லவா? நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருத்தியின் கால் கண்ணில் படுவது அந்த ஆர்வத்தின் அன்றாட வடிவம்.

மற்ற மூன்றும் பள்ளிக்கூடத்துக்குள் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அரச உதவி பெற்ற பாடசாலைகளை அரசின் கையில் சேர்த்தபோது, தனித்து நின்ற பல பாடசாலைகள் கட்டணம் அறவிட முடியாமல் தவித்தன. அங்கே கன்னியரின் ஏழ்மை பாடசாலையின் கணக்குப் புத்தகத்தையே தாங்கியது. கீழ்ப்படிதல் இன்னும் நுட்பமானது. மாற்றக் கடிதம் வந்தால், ஓ.எல். வரை கொண்டுபோக நினைத்த வகுப்பையும் விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வேறூர் போக வேண்டும். அங்கே வேறு இடாப்பு, வேறு பெயர்கள். திரும்பவும் ஒவ்வொன்றுக்கும் தலையை நிமிர்த்த வேண்டும்.

முழு ஆயுளையும் கொடுத்தார்கள் என்று போற்றுகிறோம். ஆயுளை யாரும் மொத்தமாகக் கொடுத்துவிட முடியாது; ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்கென்று சில்லறையாகத்தான் கொடுக்க முடியும். பாராட்டுவதென்றால் அந்தச் சில்லறையை எண்ணிப் பாராட்ட வேண்டும்.